எல்லாரும் தனித்தனியாகச் சொன்ன ஒரே பதில்

புனேவுக்கு மேற்கே ஹிஞ்சேவாடியில் ஏகதாரா சாஃப்ட்வேர் கம்பெனி கண்ணாடிக் கட்டடமாக எழும்பி நின்ற காலம் அது. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு மழைக்காலத்தில் அந்தக் கம்பெனிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு புகார் வந்தது. வேலை கொடுக்கிற துரை எரிச்சலோடு சொல்லியனுப்பியிருந்தார். நாங்கள் எதைச் சொன்னாலும் உங்கள் ஆட்கள் தலையை ஆட்டுகிறார்கள், நடக்காத காரியத்தைச் சொன்னாலும் ஆகட்டும் என்கிறார்கள், ஒருவராவது வாயைத் திறந்து 'இது தப்பு' என்று சொல்ல மாட்டாரா என்பது அவருடைய கேள்வி.

மேலிடம் உடனே கூடியது. துரை சொல்வது முற்றிலும் சரி என்று ஒருவர் சொல்ல, மற்ற எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தலையாட்டுவதை ஒழிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னதற்கும் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒழிக்கும் பொறுப்பு மனிதவளத் துறைத் தலைவர் ஸ்ரீவத்சனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் சென்னைக்காரர். எந்தக் காரியத்தையும் சுற்றறிக்கை இல்லாமல் தொடங்க மாட்டார்.

சுற்றறிக்கை வந்தது. 'வரும் திங்கட்கிழமை முதல் ஊழியர்கள் அனைவரும் சுயமாகச் சிந்திக்க வேண்டும். விடுப்பில் இருப்பவர்கள் வேலைக்குத் திரும்பியதும் சிந்திக்கத் தொடங்கலாம். வெள்ளிக்கிழமைகளில் ஊழியர்கள் தங்கள் தனித்தன்மை வெளிப்படும்படி, தங்கள் விருப்பப்படி, மஞ்சள் நிற டீ-ஷர்ட் அணிந்து வரலாம். அணியாதவர்கள் காரணம் தெரிவிக்க வேண்டும்.'

அடுத்த வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ்கள் வந்து நின்றபோது ஹிஞ்சேவாடியே மஞ்சள் பூத்துவிட்டது. கூட்டங்களிலும் புது முறை வந்தது. எந்தத் தீர்மானம் வந்தாலும் வரிசைப்படி ஒருவர் எழுந்து எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும். இன்று யார் முறை என்று முந்தின நாளே மெயில் வந்துவிடும். முறை வந்தவர் எழுந்து, "நான் வன்மையாக எதிர்க்கிறேன், கேன்டீனில் அவல் போஹாவுக்கு வேர்க்கடலை போதவில்லை" என்பார். எதிர்ப்பு பதிவாகும். தீர்மானம் நிறைவேறும். எல்லாரும் கைதட்டிவிட்டு போஹா சாப்பிடப் போவார்கள்.

இந்தக் கம்பெனியில்தான் சுப்பையா சேர்ந்திருந்தான். தென்காசிப் பக்கத்துப் பையன். வேலை, மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதிப்பது. என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கிறது, இரண்டும் ஒன்றா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அந்தப் புத்தி வீட்டிலும் விடவில்லை. ரசத்தில் உப்பு அரைச் சிட்டிகை குறைந்தாலும் முதல் வாயிலேயே சொல்லிவிடுவான். "உங்களுக்கு நாக்குல என்ன தராசா தொங்குது?" என்று அவன் மனைவி பாமா எரிந்து விழுவாள். ஆனால் அடுத்த வீட்டில் ரசம் சாப்பிட்டுவிட்டு வந்தால், அங்கே புளி கூடவா குறைச்சலா என்று அவனிடம்தான் கேட்பாள்.

வாகட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். பாமா தென்காசியில் டீச்சர் வேலையை விட்டுவிட்டு இவனை நம்பி வந்தவள். இப்போது வயிற்றில் ஆறு மாதம். சுப்பையாவுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தீபாவளிக்குள் நிரந்தரமாகிவிட்டால் பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு மாமனார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். மாமனார் ஊர் முழுக்க 'மாப்பிள்ளை பூனாவில் பெரிய எஞ்சினீயர்' என்று சொல்லி வைத்திருந்தார்.

நிரந்தரமாவதற்கு ஸ்ரீவத்சன் ஒரு புது நிபந்தனை வைத்தார். சுயசிந்தனைத் தேர்வில் தேற வேண்டும்.

தேர்வை நடத்த வந்தவர் டாக்டர் ரோஹிணி. மனோதத்துவ நிபுணர். மூன்று தலைமுறையாகப் புனேவிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவருடைய தமிழில் இந்தியும் மராத்தியும் ஊடும் பாவுமாக ஓடும். கூட்டம் தப்பாகச் சொன்னால் தனி மனிதனும் தப்பாகச் சொல்கிறானா என்று பார்க்க வெளிநாட்டில் ஒரு பழைய சோதனை உண்டாம். ஓர் அட்டையில் ஒற்றைக் கோடு. இன்னோர் அட்டையில் அடி விளிம்பிலிருந்து எழும்பி நிற்கும் மூன்று கோடுகள்: ஏ, பி, சி. ஒற்றைக் கோட்டுக்குச் சமமான கோடு எது என்று சொல்ல வேண்டும். முன்வரிசையில் மனிதவளத் துறை ஆட்கள் உட்கார்ந்து வேண்டுமென்றே 'ஏ' என்று தப்பாகச் சொல்வார்கள். அவர்களைப் பின்பற்றாமல் 'சி' என்று சரியாகச் சொல்கிறவன் சுயசிந்தனையாளன். கையேட்டில் இது கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

இதில் ஒரு சின்னச் சங்கடம் நேர்ந்திருந்தது. அது ரோஹிணிக்கும் தெரியாது, ஸ்ரீவத்சனுக்கும் தெரியாது, வாசகருக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன். அட்டைகளை லேமினேஷன் செய்யக் கொடுத்தபோது மூன்று கோடுகள் இருந்த அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் நுழையவில்லை. கடைக்காரர் அடிப்பக்கத்தில் ஒரு விரற்கடை நறுக்கிவிட்டார். மூன்று கோடுகளும் அந்த அளவு குட்டையாகிவிட்டன. அதனால் முன்பு சமமாக இருந்த 'சி' இப்போது குட்டை. முன்பு நெட்டையாக இருந்த 'பி'தான் இப்போது கச்சிதமாகச் சமம். கண் இருந்தால் போதும், யாருக்கும் தெரியும். ஆனால் அட்டையைப் பார்க்கிற தேவை யாருக்கும் ஏற்படவில்லை. முதல் நாள் தேர்வு முடிந்த அரை மணி நேரத்தில் 'முன்வரிசை ஏ சொல்லும், நீ சி சொல்லு' என்ற செய்தி கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. அதன் பிறகு தேர்வுக்கு வந்தவர்கள் எல்லாரும் சுயசிந்தனையாளர்களாகத் தேறினார்கள்.

சுப்பையாவின் முறை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மஞ்சள் டீ-ஷர்ட்டுகளின் கடைசியில் உட்கார்ந்திருந்தான். முன்வரிசை 'ஏ, ஏ, ஏ' என்று கூவியது. அடுத்த வரிசையில் ஒவ்வொருவரும் நெஞ்சை நிமிர்த்தி, துணிச்சலாக, 'சி' என்றார்கள். அவன் பக்கத்தில் இருந்த சேவியர், நாகர்கோவில்காரன், சுப்பையாவோடு ஒரே பிரிவில் வேலை செய்பவன், கொட்டாவி விட்டுக்கொண்டே 'சி' என்றான்.

சுப்பையா அட்டையைப் பார்த்தான். பழக்கதோஷம். இன்னொரு முறையும் பார்த்தான்.

"பி மேடம்."

ரோஹிணி பேனாவைக் கீழே வைத்தார். "அரே, 'பி'யா? யாரு சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல மேடம். பாத்தேன். அதான் இருக்கு."

"பாத்தீங்க, டீக் ஹை. ஆனா எந்த குரூப்போட சேர்ந்து பாத்தீங்க?"

"தனியாத்தான் மேடம்."

"அது எப்படி முடியும் பாபா? 'ஏ' சொன்னா கூட்டத்துக்குப் பின்னாடி போற ஆளு. 'சி' சொன்னா தானா யோசிக்கிற ஆளு. 'பி' சொன்னா என்ன ஆளுன்னு புக்-ல இல்லையே. நான் உங்களை எங்க போடறது?"

கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். 'பி'க்கு இடமே இல்லை. கடைசியில் சுப்பையாவின் பெயருக்கு எதிரே, 'ஏதோ அடையாளம் தெரியாத குழுவின் செல்வாக்குக்கு ஆட்பட்டவர்' என்று எழுதினார். அடையாளம் தெரியாத அந்தக் குழுவில் தங்களையும் சேர்த்துவிடுவார்களோ என்று எல்லாரும் சுப்பையாவிடமிருந்து நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே இருந்த டப்ரி என்கிற பெட்டிக்கடையில், மழைக்குக் கட்டிய தார்ப்பாயின் கீழ் நின்று அரை டம்ளர் கட்டிங் சாய் குடித்துக்கொண்டிருந்தபோது சேவியர் தலையில் அடித்துக்கொண்டான்.

"லேய் மக்கா, ஒனக்கு என்னலே கேடு? நீ எதுக்கு அட்டையப் போயிப் பாத்தே?"

"பாத்துச் சொல்லுன்னு தானலே சொன்னாவ?"

"சொல்லுவாங்க. அதுக்குன்னு பாப்பியா?"

சுப்பையா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "சேவியரு, நெசத்தைச் சொல்லு. ஒனக்கு எதுலே சமமாத் தெரிஞ்சுது?" என்றான்.

சேவியர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். "பி தாம்லே. கண்ணு உள்ள எல்லாவனுக்கும் பி தான். நானென்ன குருடனா? ஆனா எனக்கு முன்ன இருந்த அத்தனை பேரும் சி-ன்னு சொல்லுகான், நான் மட்டும் பி-ன்னு சொல்லிக்கிட்டு நிக்கவா? அமெரிக்கா போற ஆன்சைட் லிஸ்ட்ல பேரு கெடக்கு மக்கா."

சுப்பையாவுக்கு உயிர் வந்தது. தனக்கு மட்டும் கண் கோளாறோ என்று அதுவரை பயந்துகொண்டிருந்தான். தன்னோடு இன்னொருவன் இருக்கிறான் என்ற அந்த ஒரே நினைப்பில் வாகட் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே பாட்டு முணுமுணுத்தபடி போனான்.

ஸ்ரீவத்சன் திங்கட்கிழமை கூப்பிட்டனுப்பினார். மேசையில் கண்ணாடிப் பலகை, அதன் கீழே திருப்பதிப் பெருமாள், மேலே மடித்து வைத்த மஞ்சள் டீ-ஷர்ட்.

"உக்காருங்கோ சுப்பையா. நான் ஓப்பன் மைண்டட். உங்களோட மாற்றுக் கருத்தை மதிக்கறேன். மாற்றுக் கருத்து 'சி'. அது என்னன்னு எல்லாருக்கும் தெளிவா சொல்லியிருக்கோம். நீங்க மாற்றுக் கருத்துக்கே ஒரு மாற்றுக் கருத்து சொன்னா, அதை நான் எந்தக் கணக்குல எடுத்துக்கறது?"

"சார், பி தான் சமமா இருக்கு."

"அங்கதான் தப்பு பண்றேள். சுதந்திரமா யோசிக்கறதுக்குன்னு ஒரு மெத்தட் இருக்கு. மெத்தடை விட்டு வெளியில போனா அது சுதந்திரம் இல்லை, ஒழுங்கீனம். நாங்க இத்தனை பேரும் தனித்தனியா யோசிச்சு ஒரே முடிவுக்கு வந்திருக்கோம். நீங்க மட்டும் ஏன் தனியா யோசிக்கலை?"

சுப்பையா கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

முதலில் கண்ணைச் சோதிப்பது என்று முடிவாயிற்று. கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள கண் டாக்டரிடம் கம்பெனி வண்டியிலேயே அனுப்பினார்கள். எழுத்துப் பலகையில் கடைசி வரிசை வரை படித்த சுப்பையா, அதற்கும் கீழே அச்சகத்தின் பெயரையும் விலாசத்தையும் படித்துக் காட்டினான். டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவன் பையிலிருந்து, தான் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த அட்டைகளின் நகலை எடுத்துக் காட்டியதும், "இதுல என்ன சந்தேகம், பி தானே?" என்று இந்தியில் சிரித்தார். கம்பெனி வேறு மாதிரி சொல்கிறது என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் பார்ப்பது கண்ணைத்தானே ஒழியக் கோடுகளை அல்ல என்று விளக்கி, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கண் மிக நன்றாக இருக்கிறது என்ற சான்றிதழைப் பார்த்து ஸ்ரீவத்சன் கவலைப்பட்டார். "அப்போ கோளாறு கண்ணுல இல்லை. இது இன்னும் சீரியஸ்" என்றார்.

மறுபயிற்சி தொடங்கியது. சுப்பையா தினமும் வேலை நேரம் முடிந்தபின் ரோஹிணியின் முன்னால் உட்கார்ந்து அட்டையைப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே 'நான் யாருடைய பேச்சையும் கேட்க மாட்டேன்' என்று அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் சுப்பையா பொறுக்க முடியாமல் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தான்.

"மேடம், ஒரு தடவை அளந்துருவோம். தீந்து போச்சு."

ரோஹிணி இரக்கத்தோடு பார்த்தார். "பாத்தீங்களா? இதுதான் உங்க வியாதி. ஸ்கேலை ஏன் நம்பறீங்க? எல்லாரும் நம்பறாங்கன்னுதானே? எல்லாரும் சொல்றாங்கன்னு ஒரு மரக்கட்டைக்குக் கட்டுப்படற ஆளு தானா எப்படி யோசிக்க முடியும்?"

ஸ்கேல் பறிமுதல் செய்யப்பட்டது. அவனுடைய கோப்பில் 'கருவிக்கு அடிமை' என்று ஒரு வரி கூடியது.

இதற்கிடையில் கேன்டீனில் அவன் உட்கார்ந்தால் மேசை காலியாகிவிடும். சேவியர்கூடத் தட்டைத் தூக்கிக்கொண்டு, "போன் வருகு மக்கா" என்று நழுவுவான். போன் அவன் இடுப்பில் சத்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாக விசாரணைக் குழு. ஸ்ரீவத்சன், ரோஹிணி, மேலிடத்து ஆள் ஒருவர். சாட்சிக்கு யாரையாவது கூப்பிடலாம் என்றார்கள். சுப்பையா சேவியரைக் கேட்டான். முந்தின நாள் டப்ரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்தன் சொன்னாப் போதும்லே. அப்புறம் என்ன ஆனாலும் நான் பாத்துக்கிடுதேன்" என்று கெஞ்சியிருந்தான். சேவியரும், "மாதா மேல ஆணை, சொல்லிருவேன்" என்று கண்கலங்கியிருந்தான்.

சேவியர் வந்தான். அட்டையைக் காட்டினார்கள். சேவியர் அட்டையைப் பார்க்கவில்லை. ஸ்ரீவத்சனின் முகத்தைப் பார்த்தான், அங்கே தேவையானதெல்லாம் இருந்தது.

"சி சார்."

"யாராவது வற்புறுத்தினாங்களா?"

"இல்ல சார். எனக்கா தோணிச்சு."

"வெரி குட். இதுதான் துணிச்சல்" என்றார் ஸ்ரீவத்சன். சேவியர் சுப்பையாவைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான். சுப்பையாவுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. குழுவின் முன்னால் மூக்கைச் சிந்துவது போல் நடித்துச் சமாளித்தான்.

குழு தன் பெருந்தன்மையைக் காட்டியது. ஒரு வாரம் அவகாசம். அதற்குள் 'சி' என்று தன் கண்ணால் கண்டு, சுயமாக, கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். வாசகம் தயாராக இருந்தது, சுப்பையா பார்த்து எழுதினால் போதும்.

வீட்டில் பாமா காத்திருந்தாள். காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள், பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்னங்க, ஒண்ணு கேக்கேன். அந்தக் கோடு நம்ம தாத்தா சொத்தா?"

"அதுக்கில்ல பாமா. பி தான் சமமா இருக்கு. நீயே பாரு."

நகலை நீட்டினான். அவள் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் பாக்க மாட்டேன். பாத்தா எனக்கும் பி-ன்னு தெரிஞ்சிரும். அப்புறம் நான் எப்படி உங்கள சி-ன்னு சொல்லச் சொல்லுவேன்?" குரல் உடைந்தது. "எங்கப்பா வளைகாப்புக்குப் பந்தல் போடச் சொல்லிட்டாவ. நீங்க வேலைய விட்டுட்டு வந்து பந்தக்கால் பக்கத்துல நின்னா நல்லாவா இருக்கும்? ஒரு எழுத்துதானங்க. சொல்லிட்டு வாங்க. வீட்டுக்குள்ள வந்து பி-ன்னு சொல்லிக்கிடுங்க, யாரு கேக்கா?"

சுப்பையா அன்று ரசத்தில் பெருங்காயம் கூடிப்போனதைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது, அடக்கிக்கொண்டான்.

அவகாசம் முடிகிற நாள் காலையில் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டான். 'நான் சுயமாகப் பார்த்தேன். சி தான்.' எழுதும்போது அட்டையை ஒரு முறை பார்த்தான். 'சி' ஒரு விரற்கடை குட்டை. பார்வையை விலக்கிக்கொண்டு எழுதி முடித்தான். ஸ்ரீவத்சன் எழுந்து நின்று கைகுலுக்கினார். "வெல்கம் சுப்பையா. இனிமே நீங்களும் எங்களை மாதிரியே தனி ஆள்" என்றார். மதியம் நிரந்தர உத்தரவு தருவதாகச் சொன்னார். சுப்பையா பாமாவுக்கு ஒரு போன் போட்டுச் சொன்னான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக எத்தனை கோடுகளையும் குறைத்துக்கொள்ளலாம் என்று அவனுக்குப் பட்டது.

அன்று மதியம்தான் துரை வந்தார்.

அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியவரை மாலை போட்டு, குங்குமம் வைத்து, மஞ்சள் டீ-ஷர்ட் கொடுத்து நேரே தேர்வு அறைக்கு அழைத்து வந்தார்கள். தலையாட்டுகிறவர்கள் என்று அவர் திட்டிய கூட்டம் எப்படி மாறிவிட்டது என்று நேரில் காட்ட ஸ்ரீவத்சனுக்கு ஆசை. முன்வரிசையில் முதல் நாற்காலி துரைக்கு. அடுத்தது ஸ்ரீவத்சன். பிறகு மனிதவளத் துறை, பிறகு ஊழியர்கள், கடைசியில் சேவியர், அவனுக்கும் கடைசியில் சுப்பையா. ரோஹிணி அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார். விருந்தாளிக்கு மரியாதையாக முதலில் துரையையே கேட்டார். கையேட்டை யாரும் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை. அது ஒன்றுதான் ஏற்பாட்டில் நேர்ந்த குறை.

துரை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பார்க்கச் சொன்னால் பார்க்கிற மனிதர். "பி" என்றார்.

ரோஹிணி ஸ்ரீவத்சனைப் பார்த்தார். ஸ்ரீவத்சன் அட்டையைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அவர் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"பி. அப்வியஸ்லி" என்றார்.

பிறகு தடையே இல்லை. 'ஏ' சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதவளத் துறை 'பி, பி, பி' என்று ஒலித்தது. மாதக்கணக்கில் நெஞ்சை நிமிர்த்தி 'சி' சொன்னவர்கள் அதே நெஞ்சை நிமிர்த்தி 'பி' என்றார்கள். சேவியர் மற்றவர்களைவிட ஒரு பங்கு உரக்கவே சொன்னான்.

சுப்பையாவின் முறை வந்தது. தன்னுடைய 'பி' இத்தனை வாய்களில் இருந்து வருவதைக் கேட்டதில் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசியில் எல்லாருக்கும் கண் திறந்துவிட்டது என்று அந்த அப்பாவி நினைத்தான். எழுந்து நின்று, வாய் நிறையச் சொன்னான்.

"பி!"

ரோஹிணி "ஒன் மினிட்" என்றார். கோப்பைத் திறந்து காலையில் எழுதிய காகிதத்தை எடுத்தார். அவர் முகத்தில் பல வருடமாகத் தேடிய பொருள் கிடைத்த மலர்ச்சி வந்தது.

"எல்லாரும் பாருங்க. காலையில இவரு தன் கையால எழுதியிருக்காரு, 'சி' அப்படின்னு. இப்ப இத்தனை பேரு 'பி' சொன்னதைக் கேட்டாரு. உடனே மாத்திக்கிட்டாரு! அரே வா! கூட்டம் சொன்னதும் தன் கண்ணையே நம்பாம விட்டுட்டாரு. புக்-ல படிச்சிருக்கேன், நேர்ல இப்பத்தான் பாக்கறேன்."

சுப்பையா வாயைத் திறந்தான். "மேடம், நான் மொதல்லயே பி-ன்னு தான்..."

"மத்தவங்க யாராவது 'சி'ன்னு எழுதிக் கொடுத்திருக்காளா?" என்று ஸ்ரீவத்சன் கேட்டார். யாரும் இல்லை. எல்லாரும் வாயால் சொன்னவர்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விட்டது. காகிதத்தில் 'சி' சொன்ன ஒரே மனிதன் சுப்பையாதான்.

ஸ்ரீவத்சன் துரையின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஒரு சிறிய சொற்பொழிவாற்றினார். "எங்கள் நிறுவனத்தில் எல்லாரும் சுயமாகச் சிந்திக்கிறோம். எல்லாரும் சரியாகச் சிந்திப்பதால் எல்லாரும் ஒன்றையே சிந்திக்கிறோம். ஆனாலும் கூட்டத்தைப் பார்த்து மாறுகிற பலவீனம் ஒருவரிடம் இருந்தது. மறைக்காமல் உங்கள் முன்னாலேயே காட்டிவிட்டோம். எங்களிடம் ஒளிவுமறைவு கிடையாது." துரை மிகவும் நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு நேர்மையை இந்தியாவில் எதிர்பார்க்கவில்லை என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். சேவியரும் தட்டினான். எல்லாரும் தட்டும்போது சும்மா நிற்பது எப்படி என்று சுப்பையாவும் இரண்டு தட்டுத் தட்டினான்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. 'சரியான விடை எப்போதும் போல பி.'

சுப்பையாவை வேலையை விட்டு அனுப்பிவிடவில்லை. ஏகதாரா அப்படிப்பட்ட கல்நெஞ்சுக் கம்பெனி அல்ல. ரோஹிணியே சிபாரிசு செய்தார், இந்த ஆளை விட்டுவிடக் கூடாது, இப்படி ஓர் உதாரணம் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று. வேலை நிரந்தரமாயிற்று. மென்பொருளைச் சோதிக்கும் பிரிவிலிருந்து பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். புதிதாகச் சேருகிற ஒவ்வொரு கூட்டத்தின் முன்னாலும் அவன் கடைசி நாற்காலியில் உட்கார வேண்டும். காலையில் 'சி' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாரும் 'பி' சொன்னபின் எழுந்து 'பி' என்று மாற்றிச் சொல்ல வேண்டும். பிறகு ரோஹிணி அவனைக் காட்டி மனிதர்கள் ஏன் மந்தையாக இருக்கிறார்கள் என்று விளக்குவார். பிள்ளைகள் ஆவலாகக் குறிப்பெடுப்பார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சுப்பையாவை நம்பி எதையும் கேட்டதில்லை.

வளைகாப்பு நன்றாக நடந்தது. மாமனார் பந்தலில் நின்று, மாப்பிள்ளை இப்போது ஆட்களுக்குப் பாடம் நடத்துகிறார் என்று எல்லாரிடமும் சொன்னார்.

வாகட்டுக்குத் திரும்பிவந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாமா ரசம் வைத்து ஊற்றினாள். சுப்பையா சாப்பிட்டான். இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டான். கைகழுவிவிட்டு வந்து பேப்பர் பார்த்தான். பாமா தன் தட்டில் ரசத்தை ஊற்றி ஒரு வாய் வைத்தவள், அப்படியே நிறுத்தினாள். மறுபடியும் ஒரு வாய் வைத்தாள்.

"என்னங்க, ரசத்துல உப்பே போடல. ஒரு கல்லுகூடப் போடல. வெறும் புளித்தண்ணி. இதயா ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீய?"

சுப்பையா பேப்பரைத் தாழ்த்தி அவள் முகத்தைப் பார்த்தான். முகத்தில் என்ன இருக்கிறது என்று கொஞ்ச நேரம் படித்தான்.

"நீ ஊத்தும்போது ஒண்ணும் சொல்லலியே பாமா. அதான் சரியா இருக்கும்னு நெனச்சேன். இப்ப என்ன சொல்லுத, உப்பு இல்லையா? ஆமா, இல்ல."

பாமா தட்டைத் தள்ளி வைத்தாள். வீட்டுக்குள் வந்து பி-ன்னு சொல்லிக்கிடுங்க என்று தான் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"எவ்வளவு போடணும், சொல்லுங்க" என்றாள். கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டாள்.

"நீ எவ்வளவு சொல்லுதியோ அவ்வளவு போடு" என்றான் சுப்பையா.